காசும் ஒளியும்: கொங்கு நாட்டுப் பழங்காசுகளைப் படமெடுக்கும் முறை

முன்னுரை

'நாணயம்' என்னும் சொல் நம் வழக்கில் இரு பொருள் தருகின்றது. காசு என்பது ஒன்று. சொன்ன சொல் தவறாத நேர்மை என்பது மற்றொன்று. பழங்காசுகளை ஆராய்வோர்க்கு இவ்விரண்டு பொருளும் ஒருசேரத் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அதுவே காசினை ஒளிப்படம் எடுக்கும் இடம்.

காசு வரலாற்றுக்குச் சாட்சி சொல்லும் பொருள். ஆயினும் அச்சாட்சியை நேரில் கண்டு கேட்கும் வாய்ப்பு ஆராய்ச்சியாளர் பலர்க்கும் வாய்ப்பதில்லை. காசு ஏதோ ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையிலோ, ஒரு சேகரிப்பாளரின் இல்லத்திலோ இருக்கும். அவர்தம் கையில் இருப்பது அதன் படம் மட்டுமே. படம் பிழையாயின் படிப்பும் பிழையாகும். படிப்பு பிழையாயின் அதன்மேல் எழுப்பப்படும் வரலாறும் பிழையாகும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு ஒளிப்படக் கலை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஓலைச் சுவடியைப் படிக்க ஏட்டில் மை தடவும் முறையையும், கல்வெட்டைப் படிக்க மைப்படி எடுக்கும் முறையையும் தமிழ்த்துறைகள் கற்பித்தே வந்துள்ளன. சுவடிக்கு மை எதுவோ, கல்வெட்டுக்குப் படித்தாள் எதுவோ, காசுக்கு ஒளி அது. எனவே அண்மையிலிருந்து காசினைப் படமெடுக்கும்போது ஒளியையும் காமிராவையும் எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதனை இக்கட்டுரையில் காண்போம்.

கொங்கு நாடும் காசுகளும்

இக்கலையைக் கற்கக் கொங்கு நாட்டினும் பொருத்தமான இடம் அரிது. மேற்குக் கடற்கரையின் முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த வணிகப் பாதை, நொய்யல் ஆற்றை ஒட்டிக் கரூர் வரை சென்றது. அப்பாதை நெடுகிலும் உரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்துள்ளன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842, 1891, 1931 ஆகிய ஆண்டுகளில் உரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1842-ஆம் ஆண்டுப் புதையலில் மட்டும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட காசுகள் இருந்தன. கத்தாங்கண்ணியில் 1913-இல் 233 வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து கொடுமணம் எனக் கூறும் ஊர் நொய்யற் கரையிலுள்ள கொடுமணலே என்பர். அங்கே தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழாய்வு நடத்தியது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் மணிகள் செய்த தொழிற்கூடச் சான்றுகளும் வெளிவந்தன.

கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகள் தமிழுக்கு இன்னும் நெருக்கமானவை. 'மாக்கோதை' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்து, அரசனின் தலையுருவும் அமைந்த வெள்ளிக் காசு அவற்றுள் ஒன்று. அத்தலையுரு உரோமானியக் காசுகளின் அமைப்பை நினைவூட்டுவது. 'குட்டுவன் கோதை' என்னும் பெயர் பொறித்த காசும் கிடைத்துள்ளது. இவ்வகைச் சங்க காலக் காசுகளை வெளியுலகுக்கு அறிமுகம் செய்து ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சேரர் பெயர்களைக் காசிலும், கரூரை அடுத்த புகழூர்க் கல்வெட்டிலும், பதிற்றுப்பத்திலும் ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பு இதனால் நமக்குக் கிடைத்தது.

காலத்தால் பிற்பட்ட காசுகளும் இங்கு உண்டு. வீரராயன் பணம் எனப்படும் மிகச் சிறிய பொற்காசு கொங்குப் பகுதியில் பெரிதும் வழங்கியது. மைசூர் ஆட்சி இப்பகுதியில் நிலவிய காலத்தில் திப்பு சுல்தான் சத்தியமங்கலத்திற்குச் சலாமாபாத் எனப் பெயரிட்டு, அங்கும் ஓர் அக்கசாலை நடத்தினார். யானை உருவம் பொறித்த அவருடைய செப்புக் காசுகள் இன்றும் பழைய இல்லங்களின் பெட்டிகளில் காணக் கிடைக்கின்றன.

ஆக, தமிழ் பிராமி, இலத்தீன், பாரசீகம் என்னும் மூவகை எழுத்துகளும் ஒரே வட்டாரத்தின் காசுகளில் உள்ளன. மூன்றையும் படிக்க உதவும் பொதுக் கருவி ஒளியே.

ஒளி எழுத்தைக் காட்டும். ஒளியே எழுத்தை மறைக்கும்

காசின்மேல் உள்ள எழுத்து மையால் எழுதப்பட்டதன்று. காசு முழுவதும் ஒரே உலோகம், பெரும்பாலும் ஒரே நிறம். எழுத்து சற்றே மேடாக நிற்பதால், அதன் ஒரு பக்கம் ஒளிபட்டு மின்னுகின்றது; மறுபக்கம் நிழல் விழுகின்றது. நம் கண் படிப்பது உண்மையில் எழுத்தை அன்று, எழுத்தின் நிழலையே. இதனை மனத்திற்கொண்டால் மற்றவை அனைத்தும் எளிதில் விளங்கும்.

நிழலின் நீளம் ஒளியின் சாய்வைப் பொறுத்தது. 0.2 மி.மீ. உயரமுள்ள ஓர் எழுத்துக் கோட்டின்மேல் ஒளி 45 பாகைச் சாய்வில் விழுந்தால் நிழலின் நீளமும் 0.2 மி.மீ. தான். 30 பாகையில் அது 0.35 மி.மீ. ஆகும். 15 பாகையில் 0.75 மி.மீ. ஆக நீளும். தேய்ந்த காசின் எழுத்து உச்சி வெயிலில் தெரியாமல், மாலைச் சாய்வெயிலில் தெரிவதன் காரணம் இதுவே. கல்வெட்டுப் படிப்போர் காலையும் மாலையும் பாறையடிக்குச் செல்வதும் இக்கருத்துப் பற்றியே.

நிழலின் திசையும் நீளத்தைப் போலவே முதன்மையானது. ஒரு கோடு ஒளி வரும் திசைக்குக் குறுக்கே நின்றால் அதன் நிழல் தெளிவாக விழும். அதே கோடு ஒளி வரும் திசையோடு ஒட்டி நீண்டு கிடந்தால் இருபுறமும் நிழல் விழாது. கோடு ஏறத்தாழ மறைந்துவிடும்.

இதனால் விளையும் கேட்டினைத் தமிழ் பிராமி கொண்டே விளக்கலாம். தமிழ் பிராமியில் 'க' என்பது கூட்டற்குறி வடிவினது: ஒரு நெடுங்கோடும் அதன் குறுக்கே ஒரு கிடைக்கோடும். 'ர' என்பது நெடுங்கோடு மட்டுமே. எழுத்துக்கு நேர் இடப்பக்கத்திலிருந்து ஒரே விளக்கின் ஒளி தாழ்வாக விழுமாயின், கிடைக்கோடு ஒளியோடு ஒட்டிக் கிடப்பதால் மறையும். நெடுங்கோடு மட்டும் பளிச்சென்று நிற்கும். படத்தில் 'க' 'ர' ஆகிவிடும்! உயிர்மெய்யின் நிலை இன்னும் நுட்பமானது. 'மா' என்பதில் ஆகாரத்தைக் காட்டுவது வலப்புறம் நீளும் சிறு கிடைக்கோடு. 'கோ' என்பதில் ஓகாரத்தைக் காட்டுவன இருபுறமும் நீளும் கிடைக்கோடுகள். பக்கவாட்டு ஒளியில் முதலில் மறைபவை இச்சிறு கோடுகளே. ஓர் அரசனின் பெயரே மாறிப்போகும் அளவுக்கு இப்பிழை வளரக்கூடும்.

உரோமானியக் காசில் எழுத்துகள் விளிம்பை ஒட்டி வட்டமாக ஓடுகின்றன. எனவே ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு திசை நோக்கிச் சாய்ந்து நிற்கின்றது. எந்த ஒரு திசையின் ஒளியும் எல்லா எழுத்துகளுக்கும் ஒருபடித்தாக நீதி செய்ய இயலாது.

திப்பு சுல்தானின் காசில் வேறொரு நுட்பம் உண்டு. அரபு வரிவடிவத்தில் பல எழுத்துகளை வேறுபடுத்துவன புள்ளிகளே. மேலிருந்து நேரே அடிக்கும் பிளாஷ் ஒளியில், உலோகத்தின் சிறு மேடுகள் மின்னி வெண்புள்ளிகளாகத் தோன்றும். இல்லாத புள்ளி பிறக்கும், இருக்கும் புள்ளி மறையும். அவ்வெண்களில் இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடும் தலைப்பகுதியில் ஒரு பல் கூடுவது மட்டுமே. அந்த ஒரு பல்லின் நிழல் தவறினால் ஆண்டுக் கணக்கு தவறும். மேலும், 1787-இல் அவர் மௌலூதி ஆண்டு முறையைக் கொண்டுவந்தபின் காசுகளில் எண்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. இதனை அறியாதவர், படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது போலும் எனக் கருதி அதனைத் திருப்பிவிடக்கூடும். படத்தைத் திருத்துவதற்கு முன் காசின் இயல்பை அறிதல் வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மேடு பள்ளமாகத் தோன்றும் மயக்கமும் கருதத்தக்கது. ஒளி மேலிருந்து வருவதே நம் கண்ணுக்குப் பழக்கம். படத்தின் கீழ்ப்புறத்திலிருந்து ஒளி வருமாறு எடுத்தால் மேடான தலையுரு குழிந்ததாகத் தோன்றும். ஆதலால் படத்தின் மேல் இடப்புற மூலையிலிருந்து ஒளி வருமாறு அமைப்பது வழக்கமாயிற்று. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த 501 உரோமானியப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் அரசனின் தலைமேல் உளியால் வெட்டிய தடம் உண்டு. அத்தடம் வேண்டுமென்றே வெட்டியதா, தேய்மானமா என்பதனைத் தாழ்ந்த ஒளியே தெளிவாக்கும். வெட்டின் ஒரு சுவர் ஒளிரும், மறுசுவர் இருளும். நேரொளியில் அது வெறும் கறை போலவே தோன்றும்.

ஒளியமைப்பு மூன்று

காசுப் படத்திற்கு ஏற்ற ஒளியமைப்புகளை மூன்றாக வகுத்துக் கொள்ளலாம்.

முதலாவது பரவொளி. விளக்குக்கும் காசுக்கும் இடையே டிரேசிங் தாளையோ மெல்லிய வெள்ளைத் துணியையோ திரையாக நிறுத்துவது. இரு விளக்குகளை இருபுறமும் 45 பாகை உயரத்தில் வைத்தால் காசின் பொதுத் தோற்றம், நிறம், களிம்பின் தன்மை ஆகியன உள்ளபடி பதியும். விளக்கில்லாதார் வடக்கு நோக்கிய சன்னல் ஒளியைப் பயன்படுத்தலாம். ஒளியின் எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தி நிழலை மென்மையாக்கலாம். இவ்வொளி காசின் உருவத்தைக் காட்டும். தேய்ந்த எழுத்தை மீட்டுத் தராது.

இரண்டாவது தாழ்ந்த சாய்வொளி. ஒரே ஒரு விளக்கு போதும். அதனைக் காசிலிருந்து 40 செ.மீ. தள்ளி, காசின் மட்டத்திற்கு மேல் 11 செ.மீ. உயரத்தில் வைத்தால் சாய்வு ஏறத்தாழ 15 பாகை ஆகும், 23 செ.மீ. உயரத்தில் வைத்தால் 30 பாகை. தேய்ந்த காசுக்கு முன்னதும், தெளிந்த காசுக்குப் பின்னதும் பொருந்தும். இவ்வொளியில் குறைந்தது இரண்டு படங்கள் வேண்டும்: ஒன்று மேல் இடமூலை ஒளியில், மற்றொன்று மேல் வலமூலை ஒளியில். முன்னதில் மறைந்த கோடு பின்னதில் வெளிப்படும். காமிராவையும் காசையும் அசைக்காமல் விளக்கை மட்டும் நகர்த்துதல் வேண்டும். அப்போதுதான் இரு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிட இயலும்.

மூன்றாவது நேர்வழி ஒளி. கண்ணாடிபோல் மின்னும் காசுக்கு இது ஏற்றது. காசுக்கும் லென்சுக்கும் இடையே தூய கண்ணாடித் தகடு ஒன்றை 45 பாகைச் சாய்வில் நிறுத்தி, பக்கத்திலிருந்து அத்தகட்டின்மேல் ஒளியைச் செலுத்தினால், அது கீழ்நோக்கித் திரும்பிக் காசின்மேல் நேராக விழும். சமதளம் வெண்மையாகவும் எழுத்தின் சரிவுகள் கருமையாகவும் தோன்றும். தேய்ந்த செப்புக் காசுக்கு இம்முறை பயன் தருவதில்லை.

இவற்றின் வளர்ச்சியாக ஒரு கணினி முறையும் வந்துள்ளது. காமிராவை அசைக்காமல் நிறுத்தி, விளக்கை வட்டமாகப் பல இடங்களுக்கு நகர்த்திப் பல பத்துப் படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றிணைப்பர். பின்னர் திரையிலேயே ஒளியின் திசையை நாம் விரும்பியவாறு மாற்றிக் காசினைப் படிக்கலாம். 2001-இல் ஹியூலெட் பேக்கர்டு ஆய்வகத்தைச் சார்ந்த டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் வெளியிட்ட கருத்தின் வழி வளர்ந்த முறை இது. ஒரே ஒளியை நம்பாதே என்பதே இதன் அடிப்படை.

காமிரா அமைப்பு

ஒளி அமைந்தபின் காமிராவுக்கு வருவோம். காசு தன் உண்மை அளவிலேயே பதியும் வகையில் ஒன்றுக்கு ஒன்று என்னும் உருப்பெருக்கம் தரும் மேக்ரோ லென்ஸ் சிறந்தது. உரோமானிய வெள்ளிக் காசின் குறுக்களவு ஏறத்தாழ 18 முதல் 19 மி.மீ.; முழுச்சட்டக் காமிராவின் பதிவுத்தளம் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது. ஆகவே அக்காசு முழுமையாக அதனுள் அடங்கும். லென்சின் குவிய நீளம் 90 முதல் 105 மி.மீ. வரை இருத்தல் நன்று. 50 மி.மீ. லென்சாயின் காமிரா காசினை மிகவும் நெருங்கிவிடும். சாய்வொளி நுழைய இடமிராது. மேக்ரோ லென்ஸ் இல்லாதார் சாதாரண லென்சுக்கும் காமிராவுக்கும் இடையே நீட்டுக் குழாய் பொருத்தியும் எடுக்கலாம்.

லென்சின் துளை பற்றிய தெளிவு வேண்டும். எஃப் எண் பெரிதானால் துளை சிறிதாகும், தெளிவின் ஆழம் கூடும். எனினும் அண்மைப் படத்தில் துளையின் பயனளவு மாறிவிடுகின்றது. ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் எஃப் 11 என வைத்தது எஃப் 22 போலச் செயற்படும். துளை அளவுக்கு மீறிச் சிறுத்தால் ஒளி வளைந்து சிதறுவதால் படம் முழுவதும் மங்கும். எஃப் 8 அளவில் ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. கிடைக்கும். காசின் மேடு பள்ளம் பெரும்பாலும் அதற்குள் அடங்குமாதலால் எஃப் 8 முதல் எஃப் 11 வரை போதுமானது. வீரராயன் பணம் போன்ற மிகச் சிறிய காசுக்கு இருமடங்கு உருப்பெருக்கம் வேண்டும். அப்போது எஃப் 8-இல் ஆழம் 0.4 மி.மீ.-க்கும் கீழே இறங்கிவிடும். அத்தகைய காசினைக் குவியத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல படங்கள் எடுத்துக் கணினியில் இணைப்பதே தக்கது.

ஆழம் இவ்வளவு குறைவாதலின் காமிராவும் காசும் ஒன்றுக்கொன்று இணையான தளத்தில் இருத்தல் இன்றியமையாதது. இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. காசு வைக்கும் இடத்தில் ஒரு சிறு சமதளக் கண்ணாடியை வைத்துக் காமிரா வழியே நோக்குக. லென்சின் நிழலுரு சட்டத்தின் நட்டநடுவில் தெரிந்தால் இணையாக உள்ளது; ஒதுங்கித் தெரிந்தால் சாய்ந்துள்ளது என அறியலாம்.

காமிராவைத் தாங்கியில் கீழ்நோக்கி உறுதியாகப் பொருத்துதல் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 100 போன்ற குறைந்த அளவே வைக்க. காசு ஓடிவிடும் பொருளன்று. ஆதலின் திரை கால் நொடியோ அரை நொடியோ திறந்திருந்தாலும் கேடில்லை. விரல் பட்டு அசையாதிருக்க இரண்டு நொடித் தானியங்கியையோ தொலைக் கம்பியையோ பயன்படுத்துக. காமிராவோடு அமைந்த பிளாஷை அணைத்துவிடுக. சன்னல் ஒளி, குழல் விளக்கு, குண்டு விளக்கு ஆகியவற்றைக் கலத்தல் கூடாது. கலந்தால் செம்பின் நிறமும் களிம்பின் பச்சையும் திரியும்.

காமிராவின் ஒளியளவிக்கு வெள்ளியும் தெரியாது, செம்பும் தெரியாது. எதனைக் கண்டாலும் இடைநிலைச் சாம்பல் நிறமாகவே கருதும். கரும்பட்டில் வைத்த வெள்ளிக் காசினை எடுத்தால், கருமையை ஈடுகட்ட முயன்று காசினை வெளுக்கச் செய்துவிடும். வெண்தாளில் வைத்த கருஞ்செம்புக் காசினை எடுத்தால் அதனை இருட்டாக்கிவிடும். எனவே காசின் இடத்தில் சாம்பல் அட்டை ஒன்றை வைத்து அளவெடுத்து, அவ்வளவையே கையால் நிலைநிறுத்திக் கொள்க. வெண்ணிறச் சமநிலையையும் அதே அட்டையைக் கொண்டு அமைக்கலாம்.

காசினை நேரே துணிமேல் வைக்காது, அதனினும் சிறிய ஓர் அழிப்பான் துண்டின்மேல் உயர்த்தி வைத்தல் நலம். பின்புலம் குவியத்துக்கு அப்பால் சென்று, காசின் விளிம்பு தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

காமிரா இல்லாத மாணவர் கைப்பேசியைக் கொண்டும் நல்ல படம் எடுக்கலாம். ஒரே உயரமுள்ள இரு நூலடுக்குகளைச் சற்று இடைவெளிவிட்டு நிறுத்தி, 15 அல்லது 20 செ.மீ. உயரத்தில் கைப்பேசியை அவற்றின்மேல் பாலம்போல் கிடத்துக. மிக நெருங்கி எடுத்தால் காசின் வட்டம் கோணலாகும், கைப்பேசியின் நிழலும் விழும். ஆதலின் சற்று உயரத்தில் வைத்து இருமடங்கு பெருக்கத்தில் எடுப்பது மேல். திறந்த பக்கத்திலிருந்து கை விளக்கின் ஒளியைத் தாழ்வாகச் செலுத்துக. படத்தை அழகுபடுத்தும் தானியங்கி அமைப்புகளை நீக்கிவிடுக. அவை கரடுமுரடுகளை மென்மையாக்குங்கால் எழுத்தையும் மென்மையாக்கிவிடும்.

துலக்குதல் கூடாது

படம் தெளிவாக வேண்டும் என்னும் ஆர்வத்தில் காசினைப் புளியிட்டும் எலுமிச்சை பிழிந்தும் சாம்பலால் தேய்த்தும் துலக்குவது நம் இல்லங்களில் காணும் வழக்கம். குத்துவிளக்குக்கு அது தகும். பழங்காசுக்கு அது கேடு. செம்பின்மேல் படிந்த களிம்புப் படலத்திலேயே எழுத்தின் எஞ்சிய வடிவம் தங்கியிருப்பது உண்டு. அதனை நீக்கினால் எழுத்தும் உடன் போய்விடும். வெள்ளிக் காசின் பள்ளங்களில் தங்கிய கருமையும் படிப்போர்க்கு உதவியாகவே அமையும். துலக்க வேண்டியது காசினை அன்று, ஒளியையே. காசினை விளிம்பில் பற்றுக. கீழே மென்துணி விரித்து வைக்க. மண் மிகுந்திருந்தால் அருங்காட்சியகத்தாரின் அறிவுரை பெறுக.

பதிவின் நேர்மை

ஒரு காசுக்கு முன்புறம் மூன்று, பின்புறம் மூன்று என ஆறு படங்கள் வேண்டும்: பரவொளியில் ஒன்று, இரு திசைச் சாய்வொளிகளில் ஒவ்வொன்று. அவற்றுள் ஒன்றிலேனும் மில்லி மீட்டர் அளவுகோல் காசின் மேல்மட்ட உயரத்திலேயே இடம்பெறுதல் வேண்டும். ஒளி வந்த திசையை அம்புக்குறியாகக் குறித்தல் நன்று. எடை, குறுக்களவு, உலோகம், கிடைத்த ஊர், கிடைத்த சூழல், படமெடுத்த நாள் ஆகியவற்றைப் படத்தோடு சேர்த்து எழுதுதல் வேண்டும். எந்த ஊரில், எவற்றோடு கிடைத்தது என்று அறியாத காசு, முகவரி கிழிந்த கடிதம் போன்றது.

கணினியில் படத்தின் வெளிச்சத்தையும் வேறுபாட்டையும் ஓரளவு சீராக்கலாம். எழுத்தின் கோட்டை வரைந்து நிரப்புதல், கறையை அழித்தல், இடவலம் திருப்புதல் ஆகியன கூடா. நாம் படித்ததைத் தனியே கோட்டோவியமாக வரைந்து படத்தின் அருகில் வெளியிடலாம். ஓவியம் நம் கருத்து. படம் காசின் கூற்று. இரண்டும் கலவாதிருந்தால்தான் நாளை வேறொருவர் நம்மினும் நன்றாகப் படிக்க வழி பிறக்கும்.

சட்டத்தின் கடமையும் உண்டு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வடிவில் அறிவித்தல் வேண்டும். படம் எடுத்துவிட்டோம் என்பதால் அக்கடமை நீங்குவதில்லை. எனினும், கிடைத்த இடத்திலேயே எடுத்த நேர்மையான படம், அக்காசு எங்கே, எந்நிலையில் கிடைத்தது என்பதற்கு மறுக்கவியலாத சான்றாகும்.

முடிவுரை

புதையலாகக் கிடைத்த காசுகள் எல்லாம் அருங்காட்சியகத்தைச் சென்றடைவதில்லை. ஆற்று மணலில் பொறுக்கிய காசு எடைக்கு விற்கப்பட்டு உருக்கப்படுவதும் உண்டு. கைமாறிக் கைமாறி ஊரின் பெயரையே இழப்பதும் உண்டு. உருகிய காசினை மீண்டும் வார்க்க எவராலும் இயலாது. ஆனால் அது கண்ணெதிரே இருந்த ஒரு மணி நேரத்தில் முறையாக எடுத்த ஆறு படங்கள் இருந்தால், அதன் சாட்சியம் அழியாது.

எனவே மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுவே. கோவை, ஈரோடு, கரூர் ஆகிய ஊர்களின் அரசு அருங்காட்சியகங்களுக்குச் செல்லுங்கள். அங்குள்ள காசுகளைக் கண்ணால் படித்துப் பழகுங்கள். பின்னர் உங்கள் சட்டைப் பையில் உள்ள ஓர் ஐந்து ரூபாய்க் காசினை மேசைமேல் வைத்து, ஒரே ஒரு விளக்கை அதனைச் சுற்றி நகர்த்திப் பாருங்கள். எழுத்துகள் எழுவதும் மறைவதும் கண்டால் இக்கட்டுரையின் கருத்து முழுதும் விளங்கும்.

பெரியவர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. பாட்டனார் காலத்துப் பெட்டியில் யானைக் காசு ஒன்றோ, பெயர் தெரியாத செப்புக் காசு ஒன்றோ இருக்குமாயின், அதனைத் துலக்காமல், விற்காமல், முதலில் பிள்ளைகளிடம் காட்டுங்கள். அது வீட்டுக்கு வந்த வரலாற்றையும் உடன் சொல்லுங்கள். பிள்ளைகள் அதனை முறையாகப் படமெடுத்து, சொன்னதைச் சொன்னபடி எழுதி வைக்கட்டும். காசு என்னும் நாணயத்தைக் காப்பது அருங்காட்சியகத்தின் பணி. அதன் படத்தில் நாணயத்தைக் காப்பது நம் பணி.